முப்பத்தொன்பதுக்கு எட்டு

தாராபுரம், மன்னார்
4 பெப்ரவரி 2024

அன்பின் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் என்றதும் பயந்துவிட வேண்டாம், எல்லோரும் நலம். நம் மகள் ஷிஹானாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அதைத் தவிர இந்த வீட்டில் எதுவும் கெட்டுப்போகவில்லை.

இரண்டு வெள்ளிக்கிழமையாக நான் போனுக்கு வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பீர்கள். காரணம் இதுதான்: போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் நீங்கள் அதை முடித்துவைக்கிறீர்கள், அதுவும் உங்களுக்கு வசதியான மாதிரி. கடிதத்தில் உங்களால் குறுக்கே புக முடியாது. ஆகையால் வெள்ளிக்கிழமைகளில் மகளோடு பேசுங்கள். நம்முடைய ஹைலக்ஸ் பிக்கப்பைப் பற்றியும், நீங்கள் ஊருக்கு வருவதைப் பற்றியும் நாம் எழுதிக்கொள்வோம்.

போன மாதம் "அந்த ஹைலக்ஸ வித்துப்போடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தீர்கள். நான் விற்கவில்லை. டிரைவர் நௌஷாட் கொழும்புக்குப் போனதிலிருந்து அது பனைக்குக் கீழே நின்று ஆட்டுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது நான்தான் ஓட்டுகிறேன். லைசன்ஸ் எடுத்தது உங்களுக்குத் தெரியும், ஓட்டுவது தெரியாது. தெரியட்டும்.

பேசாலை நீக்கிலாஸ் சம்மாட்டியார், ஏழு படகும் கரையில் மீன்பிடிக் கொட்டில் போட்ட வாடியும் வைத்திருப்பவர், என்னிடம் ஒரு பேச்சுப் பேசினார். மே மாதம் சோளகக் காற்று தொடங்கினால் வடகரை வாடிகளில் ஆள் நிறையும். கடைசி வாடியிலிருந்து ஐஸ் லொறி நிற்கும் தார் றோட்டுக்கு நாலு கிலோமீற்றர் வெறும் மணல். டிராக்டர் ஊர்ந்து வந்து சேருவதற்குள் மீன் பழுதாகிவிடுகிறது. "உம்மட ஹைலக்ஸ் அந்த மணலில ஓடுமெண்டால் சீசன் முழுக்க ஓட்டம் உமக்குத்தான் பிள்ள" என்றார்.

உங்கள் ஒப்பந்தம் ஜூன் பதினான்கில் முடிகிறது. புதுத் தாளில் கையெழுத்து வைத்தால் இன்னும் இரண்டு வருடம் கத்தார். இந்த ஓட்டம் நமக்குக் கிடைத்தால் நீங்கள் அந்தத் தாளைத் தொடத் தேவையில்லை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான் மச்சான்.

ஆனால் ஒரு கரைச்சல். மணலுக்கு என்று பெரிய டயர் நாலு போட்டேன். பழையது இருபத்தெட்டு அங்குலம், இது முப்பத்து மூன்று. இப்போது வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது. நேற்றுத் தார் றோட்டில் ஒரு கழுதை என்னை முந்திக்கொண்டு போனது. திரும்பியும் பார்த்தது.

என்ன செய்வது என்று எழுதுங்கள். திட்டுவதென்றால் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

ஜெஸ்லியா


கத்தார்
20 பெப்ரவரி 2024

அன்பின் ஜெஸ்லியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். திட்டுவதற்கு ஒரு பக்கம் தந்திருக்கிறாய், நன்றி. முழுவதையும் எழுதிவிட்டுக் கிழித்துப்போட்டேன். இது இரண்டாவது தாள்.

யாரைக் கேட்டு டயர் மாற்றினாய்? பதினொரு வருடமாகப் பாலைவனத்து வண்டிகளின் வயிற்றுக்குக் கீழே படுத்துக் கிடக்கிற ஒருவன் உனக்குப் புருஷனாக இருக்கிறான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, உன் வசனத்தை நான் முடித்துவைப்பேன் என்று கேட்காமல் விட்டிருப்பாய்.

கேள். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். அவ்வளவு தூரத்தையும் இழுக்கவேண்டியது அதே பழைய இஞ்சின்தான். அதனால்தான் மூச்சு வாங்குகிறது. இதற்கு இஞ்சினில் கை வைக்கத் தேவையில்லை. பின் அச்சின் நடுவில் பானை போல உருண்டையாக ஒன்று இருக்கிறதே, அதற்குள் பெரிய பல்சக்கரம் ஒன்றும் அதைச் சுழற்றச் சின்னது ஒன்றும் இருக்கின்றன. கிரவுன், பினியன் என்போம். அந்தச் சோடியை மாற்றினால் இழுவை திரும்பி வரும். முன் அச்சிலும் அதேபோல ஒரு சோடி உண்டு.

எதைப் போடுவதென்று சொல்ல, இப்போது இருப்பது என்னவென்று எனக்குத் தெரியவேண்டும். வண்டியை ஜாக்கில் தூக்கி, கீழே நீளமாக ஓடும் ஷாஃப்டில் சோக்கால் ஒரு கோடு போடு. பின்சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்று. ஷாஃப்ட் எத்தனை தரம் சுற்றுகிறது என்று எழுது.

மற்ற விஷயம். நான் வந்து என்ன செய்வது ஜெஸ்லியா? 2019இல் ஊருக்கு வந்து எட்டு மாதம் இருந்தேன். முதல் மாதம் எல்லோரும் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாம் மாதம் "எப்ப திரும்பிப் போறீங்கோ" என்று கேட்டார்கள். பிறகு நான் வேலையில்லாமல் கதிரையில் உட்கார்ந்திருந்தேன், நீ என்னைச் சுற்றி வீடு கூட்டினாய். அந்தக் கதிரைக்கு நான் மறுபடி பயப்படுகிறேன். இதைப் போனில் என்னால் சொல்ல முடிந்ததில்லை. கடிதம் நல்லதுதான்.

கழுதையைப் பற்றி இங்கே கூட்டாளிகளுக்கு வாசித்துக் காட்டினேன். அறை முழுக்கச் சிரிப்பு.

ஜெஸீம்


தாராபுரம்
7 மார்ச் 2024

அன்பின் மச்சானுக்கு,

இரண்டு சுற்று. அதோடு ஒரு விரற்கடை. மூன்று தரம் சுற்றிப் பார்த்தேன், ஷிஹானா பக்கத்திலிருந்து எண்ணினாள். பல் இல்லாததால் "இரண்டு" என்பது காற்றாகத்தான் வந்தது, ஆனாலும் அது இரண்டுதான்.

உங்கள் கதிரைக் கதையை வாசித்தேன். நான் சுற்றிக் கூட்டினேன் என்றா நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள் என்ற சந்தோஷத்தில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டினேன். அதை உங்களைப் போன்ற புத்திசாலிக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

மன்னார் ரவுணில் கராஜ் வைத்திருக்கும் மீராசாஹிபு காக்காவிடம் வண்டியைக் காட்டினேன். க்ளச் கருகுவதாகச் சொன்னார். "இதெல்லாம் பொம்பிளையளுக்கு விளங்காது தங்கச்சி" என்றும் சொன்னார். நான் கிரவுன், பினியன் என்று தொடங்கியதும் தேநீர் வரவழைத்தார்.

பெண் வாடிக்கு வண்டி ஓட்டுகிறாள் என்று ஊரில் பேச்சு இருக்கிறது. உங்கள் காதுக்கு வந்தால், முதலில் என்னைக் கேளுங்கள்.

ஜெஸ்லியா


கத்தார்
21 மார்ச் 2024

அன்பின் ஜெஸ்லியாவுக்கு,

நோன்பு நேரத்தில் இப்படிச் சிரித்தது பாவமோ தெரியவில்லை. இரண்டு சுற்று என்று எந்த ஹைலக்ஸும் உலகத்தில் இல்லை. நீ ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கியிருக்கிறாய். மற்றது நிலத்தில் நின்றால் கணக்குப் பாதியாகத்தான் வரும். ஆக உன்னுடையது நாலும் கொஞ்சமும். பெரியதில் நாற்பத்தொரு பல், சின்னதில் பத்து. தவறாக எண்ணியும் சரியான விடையைத் தந்த முதல் மெக்கானிக் நீதான்.

முப்பத்து மூன்று அங்குல டயருக்கு வேண்டியது முப்பத்தொன்பதுக்கு எட்டு. சக்கரம் ஒன்று சுற்ற ஷாஃப்ட் கிட்டத்தட்ட ஐந்து சுற்றும். பழைய இழுவை அப்படியே திரும்பிவிடும். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் தேடி ஒரு சோடி வாங்கிவிட்டேன். மூன்று தரம் எண்ணினேன். பல் எண்ணாமல் வாங்குகிறவன் மெக்கானிக்கே இல்லை.

இந்தக் கடிதத்தையும் சோடியையும் இங்கே என்னோடு வேலை செய்யும் ஷிஹாப் கொண்டுவருகிறான். தன் கல்யாணத்துக்கு வருகிறான், பெட்டி முழுக்கப் பெண்வீட்டுச் சாமான், அதனால் ஒரு சோடிதான் எடுக்கச் சம்மதித்தான். இரண்டாவது சோடியை வாங்கி, மே மாதம் லீவில் வரும் நறுவிலிக்குளம் ஜெகதீபனிடம் கொடுத்தனுப்புவேன்.

இனிச் சொல்வதை நிதானமாக வாசி. ஒன்றை மட்டும் பூட்டாதே. பின்னுக்கு ஒரு கணக்கும் முன்னுக்கு ஒரு கணக்குமாக இருக்கும் வண்டியில் ஃபோர் வீல் போட்டால், அதாவது நாலு சக்கரத்தையும் இழுக்கவிட்டால், முன்சக்கரம் ஒரு வேகத்தில் ஓடப் பார்க்கும், பின்சக்கரம் வேறு வேகத்தில் ஓடப் பார்க்கும். மணலில் வழுக்கிச் சமாளிக்கும். தார் றோட்டில் வழுக்க இடமில்லை, இழுவையை இரண்டு அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் நடு ட்ரான்ஸ்பர் பெட்டி உடையும். இரண்டும் கைக்கு வரும்வரை பொறு. உனக்குப் பொறுமை கிடையாது என்று தெரிந்தே சொல்கிறேன்.

ஊர்ப் பேச்சு என் காதுக்கு வந்தது. "என்ட பொஞ்சாதி ஓட்டுறா, உனக்கென்ன?" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒப்பந்தத் தாளை இன்னும் தொடவில்லை. தொடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஜெஸீம்


தாராபுரம்
24 ஏப்ரல் 2024

அன்புள்ள கணவருக்கு,

நலம். உங்கள் நலத்தை அறிய ஆவல். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. ஷிஹாப் தந்த பொருள் பத்திரமாகக் கிடைத்தது. வாடிக்காரர் இம்முறை முந்தியே வந்துவிட்டார்கள். வண்டி நலம். வெயில் அதிகம். மகள் நன்றாகப் படிக்கிறாள். எல்லாம் நலம்.

இப்படிக்கு
ஜெஸ்லியா


கத்தார்
6 மே 2024

ஜெஸ்லியா,

"அன்புள்ள கணவருக்கு" என்றா? பன்னிரண்டு வருடத்தில் நீ என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஏழு வரிக் கடிதத்தில் மூன்று தரம் நலம். வண்டி நலம் என்று எழுதியிருக்கிறாய். வண்டி எப்போது நலமாக இருந்தது?

பூட்டிவிட்டாய், அப்படித்தானே?

உன்னைக் கேட்டு என்ன பயன், வெள்ளிக்கிழமை மகளைக் கேட்டேன். "உம்மா சொல்ல வேணாமெண்டா" என்றாள். வேறு சாட்சி தேவையில்லை.

இரண்டாவது சோடியை ஜெகதீபனிடம் கொடுத்துவிட்டேன். அது வரும்வரை ஃபோர் வீல் நெம்பைத் தொடாதே. தொட்டாயிற்று என்றால் அதையாவது எழுது. நான் கத்தமாட்டேன். கடிதத்தில் எப்படிக் கத்துவது?

கம்பனிக் கந்தோரில் ஒப்பந்தத் தாளைக் கையில் தந்துவிட்டார்கள். தலையணைக்குக் கீழே இருக்கிறது. மே முடிவதற்குள் கையெழுத்தோடு கொடுக்கவேண்டுமாம். கொடுக்காதவனுக்கு டிக்கட் போட்டுவிடுவார்கள். உன் ஹைலக்ஸ் மணலில் ஓடுகிறது என்று ஒரு வரி எழுது, அதை நம்பி நான் ஒரு முடிவுக்கு வருகிறேன்.

ஜெஸீம்


தாராபுரம்
15 மே 2024

என் மச்சானுக்கு,

ஷிஹாப் நாளை அங்கே திரும்புகிறார். அவரிடம் இதைக் கொடுக்கிறேன். உறைக்குள் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும். தொலைத்துவிடாதீர்கள், அது ட்ரான்ஸ்பர் பெட்டியின் பல்.

ஓம், பூட்டினேன். வாடிக்காரர் ஏப்ரலிலேயே வந்துவிட்டார்கள். நீக்கிலாஸ் சம்மாட்டியார் "என்ன பிள்ள, ஏலுமோ ஏலாதோ?" என்று கேட்டார். ஏலாது என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை. மே மாதம் வரை பொறுத்தால் ஓட்டம் வேறு ஒருவருக்குப் போய்விடும், ஓட்டம் போனால் நீங்கள் கையெழுத்து வைத்துவிடுவீர்கள். அந்தப் பயத்தில் மீராசாஹிபு காக்காவை நச்சரித்துப் பின் அச்சுக்கு மட்டும் போடவைத்தேன். அவர் வேண்டாமென்றுதான் சொன்னார். அவரைக் குறை சொல்லாதீர்கள்.

முதல் மூன்று நாளும் ராசா மாதிரி ஓடியது. பின்சக்கரம் மட்டும் இழுத்தே மணலைத் தாண்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது மச்சான், அவ்வளவு சந்தோஷம். நாலாம் நாள் பதினெட்டுப் பெட்டி மீனோடு வாடிக்குக் கிட்டப் புதைந்தது. அப்போது நெம்பைத் தொட்டேன். வண்டி எழும்பிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நெம்பைத் திருப்பி எடுக்க மறந்து அப்படியே தார் றோட்டில் ஏறிவிட்டேன். பேசாலைச் சந்திக்கு வருமுன் முறுகிற சத்தம் ஒன்று, பிறகு படார் என்று ஒரு சத்தம். றோட்டில் எண்ணெய். பின்னால் ஐஸ் லொறி ஹோர்ன் அடிக்கிறது. கருவாடு போடுகிற பெண்கள் ஓடிவந்து பெட்டிகளைத் தலையில் சுமந்துகொண்டு போய் லொறியில் ஏற்றினார்கள். அவர்களில் இமெல்டா அக்கா மட்டும் என்னோடு நின்று, "அழாத, பேந்து அழலாம், முதல்ல வண்டியத் தள்ளுவம்" என்றா.

சம்மாட்டியார் கோபிக்கவில்லை. "ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் டிராக்டரை வச்சுச் சமாளிக்கிறன். அதுக்குப் பிறகு நான் வேற ஆளைப் பாக்கத்தான் வேணும் பிள்ள" என்றார். அவரும் என்ன செய்வார்?

இதை எழுத மூன்று வாரம் எடுத்தது வெட்கத்தால்தான். நீங்கள் வரவேண்டும் என்று செய்த வேலை, நீங்கள் வராமல் இருக்கக் காரணமாகிவிட்டது. அதனால் கையெழுத்து வையுங்கள். நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

இன்னும் ஒன்று. சொல்லாமல் விடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன், முடியவில்லை. ஜெகதீபன் தம்பி உங்கள் இரண்டாவது சோடியைக் கொண்டுவந்து தந்தார். நான் எண்ணினேன். மீராசாஹிபு காக்கா எண்ணினார். பிறகு ஷிஹானா எண்ணினாள். பெரியதில் நாற்பத்தொன்று, சின்னதில் ஒன்பது. பல் எண்ணாமல் வாங்குகிறவனைப் பற்றி நீங்கள் எழுதிய வரியைக் காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் இருமினார்.

நோன்புப் பெருநாளன்று நான் போனுக்கு வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். போனுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் மகளிடம் "உம்மா என்ன உடுப்பு?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. பச்சை.

ஜெஸ்லியா


கத்தார்
19 மே 2024

என் ஜெஸ்லியாவுக்கு,

பல் கிடைத்தது. மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்தச் சக்கரத்தின் பல் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்தச் சக்கரத்தையும் தேடி வாங்கிவிட்டேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்கிறேன். இரண்டாவது சோடியை வாங்கியது பெருநாளன்று பின்னேரம். காலையில் போன் எடுத்தேன். நீ வரவில்லை. பச்சை என்று மகள்தான் சொன்னாள். இங்கே பதினாறு பேர் ஒரே பெரிய சஹன் தட்டில் பிரியாணி சாப்பிட்டோம். பிறகு அவனவன் தன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். எனக்குப் படுக்க முடியவில்லை, பஸ் ஏறி அந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். எண்ணினேன் ஜெஸ்லியா. சத்தியமாக எண்ணினேன். கண் கலங்கியிருந்தால் எட்டும் ஒன்பதும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது.

ஆக நீ பொறுமையில்லாமல் உடைத்தாய், நான் உன்னை நினைத்துப் பிழையாக வாங்கினேன். ஒருவர் மற்றவரைத் திட்ட இடமில்லை.

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்துவிட்டேன். உடைந்ததை வாசித்தபோது வராத கவலை, "கையெழுத்து வையுங்கள்" என்ற இடத்தில் வந்தது. உனக்கு அப்படி எழுத எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். ஹைலக்ஸ் ஓடினால் வருவேன் என்று நிபந்தனை போட்டுக்கொண்டிருந்தவன் நான். அது உடைந்த பிறகுதான் யோசித்தேன். ஓடுகிற வண்டிக்கு நான் எதற்கு?

அந்தத் தாளை இன்று காலை கந்தோரில் கையெழுத்து வைக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது சோடி வாங்கியாயிற்று. முப்பத்தொன்பதுக்கு எட்டு. நான் எண்ணி, அறையிலுள்ள பதினைந்து பேரையும் எண்ணவைத்தேன். இதை யாரிடமும் கொடுத்தனுப்பமாட்டேன். விமானத்தில் முப்பது கிலோதான் விடுகிறார்கள். கிரவுன் பினியன், ட்ரான்ஸ்பர் சக்கரங்கள், பேரிங், எண்ணெய்ச் சீல், என் ஸ்பனர்கள். இதிலேயே முப்பது ஆகிவிட்டது. பதினொரு வருடம் வெளிநாட்டிலிருந்துவிட்டு வருகிறவன் பெட்டியில் கம்பளம் இல்லை, சென்ற் இல்லை, பால்மா இல்லை, உன் மாமிமாருக்குச் சவர்க்காரம்கூட இல்லை. ஊர் வந்து பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தால் இரும்பைத்தான் எடுத்துக் காட்டவேண்டும். உனக்கு வெட்கமாக இருக்குமோ?

மகளுக்கு மட்டும் ஒரு பொம்மை, சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவரும் அளவுக்கு.

ஜூன் பதினைந்து காலை கட்டுநாயக்கா விமான நிலையம். பின்னேரம் மன்னார் பஸ் நிலையம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கிறது. இரண்டு நாளில் முடியுமா என்று மீராசாஹிபு காக்காவிடம் கேட்டு வை. கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வருகிறேன்.

உன் மச்சான்
ஜெஸீம்


தாராபுரம்
1 ஜூன் 2024

என் மச்சானுக்கு,

இந்தக் கடிதம் உங்களுக்கு முன் அங்கே வந்து சேருமோ, நீங்கள் இங்கே வந்த பிறகு அங்கே போய்ச் சேருமோ தெரியாது. போன் எடுத்துச் சொல்லலாம்தான். ஆனால் இப்போது உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, அப்போது நீங்கள்தான் வசனத்தை முடித்துவைப்பீர்கள்.

பெட்டியைப் பற்றி மாமிமாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "இரும்பா?" என்று பெரிய மாமி நெஞ்சில் கை வைத்தா. நான் கொழும்புச் சவர்க்காரம் ஆறு வாங்கி வைத்திருக்கிறேன், உங்கள் பெட்டியிலிருந்து வந்ததென்று கொடுப்போம். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

சம்மாட்டியாரிடம் போய்ப் பெருநாள் கழிந்து மறுநாள் காலை முதல் ஓட்டம் என்று சொல்லிவிட்டேன். "ஆர் ஓட்டுறது? நீரோ, அவரோ?" என்று கேட்டார். நான்தான் என்றேன். ஓட்டுவது நான், அது முடிந்த பேச்சு. நீங்கள் இடப்பக்கம் இருந்து சத்தத்தைக் கேளுங்கள், கையை மடியில் வைத்துக்கொண்டு.

ஹைலக்ஸ் மீராசாஹிபு காக்காவின் கராஜில் ஜாக்கின் மேல் நிற்கிறது. முன் அச்சையும் ட்ரான்ஸ்பர் பெட்டியையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். நானும்தான் கழுவினேன், நகம் இன்னும் கறுப்பு. பெருநாள் வருகிறதென்று காக்கா அந்தரப்பட்டார். கொழும்பிலே சாமான் தேடலாம், தெரிந்த பெடியள் இரண்டு பேர் நாளைக்கே பூட்டித் தருவார்கள் என்று நேற்று மறுபடி கேட்டார். "ஏன் தங்கச்சி வச்சுக்கொண்டு நிக்கிறீங்கோ?" என்றார்.

"ஒருத்தரும் தொட வேணாம் காக்கா," என்றேன். "அதுக்கு ஆள் வருது."

ஜெஸ்லியா